மணி என்று ஒரு கட்டம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெல்லக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. காலையில் கையெழுத்துப் போடும்போது அதைப் பார்த்து, 'யாரோ நல்ல பெயர்க்காரி' என்று அவளே நினைத்துக்கொள்வாள். பத்தொன்பது வருடமாக மணி அடிப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முன்பல் விழுந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாயில் அது வெல்லக்கா ஆகிவிடும். "என்னையும் இனிப்புன்னு கூப்பிட நாலு பேர் இருக்காங்க" என்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொள்வாள்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. "ஆறாம் வகுப்பு வாசல் வரைக்கும் போனேன், உள்ளே ஒரே கூட்டமா இருந்துச்சு, திரும்பிட்டேன்" என்பாள் யாராவது கேட்டால். உண்மையில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்லி அழுவதைவிட இப்படிச் சொல்லிச் சிரிப்பது அவளுக்கு லேசாக இருந்தது. ஆனால் கையெழுத்து மட்டும் அச்சுக் கோத்தது போல இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பின்னால் வந்த வினை எல்லாம் அந்தக் கனத்தால் வந்ததுதான்.

அவள் வேலை, தாழ்வாரத்து மூலையில் தொங்கும் வட்ட மணியைக் கட்டைச் சுத்தியலால் அடிப்பது. காலை வணக்கத்துக்கு மூன்று. பாடவேளை மாற ஒன்று. இடைவேளைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு. வீட்டுக்குப் போக ஐந்து. ஒவ்வொரு அடிக்கும் மனதுக்குள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். முதல் அடிக்கு, 'கடவுளே, பிள்ளைகளுக்குப் புத்தியைக் கொடு.' இரண்டாவது அடிக்கு, 'மிச்சம் இருந்தால் எனக்கும்.' நாளெல்லாம் பெரும்பாலும் ஒற்றை மணிதான் என்பதால் தன் முறை அடிக்கடி வருவதில்லை, தன் புத்தி இப்படி இருப்பதற்கு அதுவே காரணம் என்பது அவள் கணக்கு.

போன வருடம் ஆய்வுக்கூடத்தில் புகை வந்து எல்லாரும் பயந்துபோனதிலிருந்து விளையாட்டு வாத்தியார் ஒரு புது விதி கொண்டுவந்தார். காலை வணக்கத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஆறு மணிக்கு மேல அடிச்சா ஆபத்துன்னு அர்த்தம். புத்தகத்தை அப்படியே போட்டுட்டு எல்லாரும் மைதானத்துக்கு வந்து வரிசையா நிக்கணும்."

ஆறாம் வகுப்புச் சுருட்டைமுடிக்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், ஆறு மணிக்கு மேல நாங்க யாருமே ஸ்கூல்ல இருக்க மாட்டோமே. வீட்டுலேர்ந்து வரணுமா?"

மைதானமே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது பெல்லக்காதான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மணிக்கும் மணிக்கும் வித்தியாசம் தெரியலையே" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் வேறு சொன்னாள். கடவுள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அந்த வருடம் அவள் மகள் பத்தாம் வகுப்பு. அதே பள்ளிதான். பொதுத் தேர்வு மட்டும் வேறு ஊரில். மலை வளைவுகளைத் தாண்டிப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மற்றப் பிள்ளைகளுக்கு அது உல்லாசப் பயணம். இவள் மகளுக்கோ பஸ்ஸில் ஏறி மூன்றாவது நிறுத்தம் வருமுன் வாந்தி வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. வேடிக்கை என்னவென்றால் பெண்ணின் அப்பா பஸ் டிரைவர்.

"ஊரே என் பஸ்ஸுல தூங்கிக்கிட்டு வருது. பெத்த பொண்ணுக்கு மட்டும் குடலைப் புரட்டுது" என்று அவர் இதைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஓட்டுற ஓட்டுக்கு மத்தவங்க தூங்கலைங்க, மயங்கிக் கிடக்கிறாங்க" என்பாள் இவள்.

சிரித்தாலும் பயம் உள்ளே இருந்தது. வயிறு காலியாகி, முகம் வெளுத்து, கை நடுங்கப் போய் உட்கார்ந்து மூன்று மணி நேரம் என்னத்தை எழுதுவாள்? படிக்கிற பெண். அம்மா நின்ற வாசலைத் தாண்டிப் போகக்கூடியவள். ஆறு தேர்வுக்கும் ஆறு தடவை அந்தப் பஸ்.

அப்போதுதான் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, தங்கள் பள்ளியையே தேர்வு மையமாக ஆக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். பதில் வந்தது. மதில் வேண்டும், விளக்கு வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், எல்லா அறையிலும் கேட்கும்படி தானாக அடிக்கும் மணிக் கடிகாரம் வேண்டும். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். மற்ற மூன்றும் இருந்தன. கடிகாரம்தான் இல்லை.

தானாக அடிக்கும் கடிகாரம் வந்தால் உன் வேலை போய்விடாதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "போனா போகட்டுமே. மணி அடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் நான்தானே தண்ணி எடுத்து வைக்கிறேன், கதவு சாத்துறேன், ரிஜிஸ்டர் தூக்குறேன். அதுக்கெல்லாம் கடிகாரம் வராது" என்றாள். அவளுக்கு வேண்டியது மகள் பஸ் ஏறாமல் தேர்வு எழுதுவது. அதற்காக அந்தக் கடிகாரத்தை வாசலில் நின்று வரவேற்கவும் தயாராக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மெக்கானிக் வந்தார். வழுக்கை, இடுப்பில் திருப்புளிகள், ஒரு வேலையை முடிக்குமுன் அடுத்த வேலைக்குக் கிளம்பும் அவசரம். மூன்று கட்டிடத்திலும் கம்பி இழுத்து மணிகளை மாட்டினார். பிறகு ஒரு தாளைப் பெரிய டீச்சரிடம் கொடுத்தார்.

"இதுல எழுதிக் குடுத்துடுங்க மேடம். கடையில வெச்சே எல்லாத்தையும் மிஷின்ல ஏத்திடுவோம். நாளைக்குச் சாயந்திரம் வந்து மாட்டிட்டுப் போயிடுவேன்."

தாளில் மூன்று கட்டங்கள். வரிசை எண். நேரம். மணி.

பெரிய டீச்சர் கால அட்டவணையைப் பார்த்து நேரங்களை மளமளவென்று எழுதினார். 9.00, 9.10, 9.50, 10.30 என்று மாலை வரைக்கும். அதற்குள் யாரோ கூப்பிட, தாளைப் பெல்லக்காவிடம் நீட்டினார்.

"அக்கா, நேரமெல்லாம் நான் போட்டுட்டேன். எந்தெந்த நேரத்துக்கு எத்தனை மணின்னு நீங்க போட்டுடுங்க. அது உங்களுக்குத்தானே அத்துப்படி."

பெல்லக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வாத்தியார்கள், டீச்சர்கள் இருக்க, ஐந்தாம் வகுப்புக்காரி கையில் ஒரு தாள்! "அழகா எழுதித் தர்றேன் டீச்சர்" என்று வீட்டுக்கே எடுத்துப்போனாள். மேசையைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். பேனாவை உதறி ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். கண்ணை மூடி ஒரு வேண்டுதலும் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

முதல் வரி. நேரம், 9.00. மணி?

மணி ஒன்பது. இதில் என்ன சந்தேகம்? ஒன்பது என்று எழுதினாள்.

அடுத்து 9.10. மணி ஒன்பது. 9.50. அதுவும் ஒன்பதுதான், ஐம்பது என்பது நிமிடம், நிமிடத்துக்குக் கட்டம் இல்லை. 10.30. பத்து. நேரம் என்று எழுதியாகிவிட்ட பிறகு மணி என்று இன்னொரு கட்டம் எதற்கு என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் படித்தவர்கள் போடும் படிவமே இப்படித்தான். பிறந்த தேதியையும் கேட்பார்கள், பக்கத்திலேயே வயதையும் கேட்பார்கள். ஒருவேளை பார்வை குறைந்தவர்களுக்காக இருக்கும்.

12.40-க்கு வந்தபோதுதான் யோசித்தாள். ஒன்றுக்குத்தானே பக்கம்? இருந்தாலும் ஒன்று இன்னும் ஆகவில்லை. ஆகாததை ஆனதாக எழுதுவது பொய். பன்னிரண்டு என்று எழுதினாள். நேர்மையாக எழுதிய மனநிறைவு வேறு சேர்ந்துகொண்டது.

"என்னம்மா எழுதுறே?" என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

பெல்லக்கா தாளைக் கையால் மறைத்தாள். "ஆபீஸ் விஷயம்டி. உனக்குப் புரியாது."

சனிக்கிழமை காலை நகல் ஒன்றைப் பள்ளிக் கோப்பில் வைத்துவிட்டு, தாளை மெக்கானிக் கடையில் கொடுத்தாள். மாலை அவர் கடிகாரத்தைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் மாட்டினார். அலமாரிக் கதவு அளவு இரும்புப் பெட்டி, நடுவில் சிவப்பு எண்கள். சோதனைக்கு ஒரு பொத்தானை அழுத்தினார். மூன்று கட்டிடத்திலும் ஒரே நேரத்தில் கணீர் என்று ஒரு மணி. பெல்லக்கா கைகூப்பிவிட்டாள்.

"கரண்டு போனா?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"போனாலும் அடிக்கும் மேடம். உள்ளே பேட்டரி இருக்கு. இதை நிறுத்த யாராலும் முடியாது" என்றார் மெக்கானிக். அந்தப் பெருமைப் பேச்சு எவ்வளவு உண்மை என்று திங்கட்கிழமை தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பெல்லக்கா பெட்டிக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். நல்ல சேலை. சிவப்பு எண் 9.00 காட்டியது. அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. காலை வணக்கத்துக்கு மூன்று, சரி. நான்கு. 'புதுசு இல்லையா, ஆசையில் ஒன்று கூட அடிக்குது' என்று நினைத்தாள். ஐந்து. ஆறு. அவள் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. ஒன்பதில் வந்து நின்றது.

பிள்ளைகள் எப்படியும் காலை வணக்கத்துக்காக மைதானத்தில்தான் நின்றார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து வகுப்புக்குப் போகத் திரும்பியபோது மறுபடி ஒன்பது அடித்தது. "நில்லு! யாரும் உள்ளே போகக் கூடாது!" என்று விளையாட்டு வாத்தியார் கத்தினார். புகை எங்கே என்று ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சினார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்து அவர்களை வகுப்புக்கு அனுப்புவதற்குள் ஒரு கால் மணி நேரம் போனது.

பெல்லக்கா மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "உங்க கடிகாரத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுங்க! ஒன்பது ஒன்பதா அடிக்குது!"

அவர் எங்கேயோ ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். "கடிகாரத்துக்கு எப்படிப் பைத்தியம் பிடிக்கும்? நீங்க குடுத்த பேப்பர்ல என்ன இருந்ததோ அதைத்தான் ஏத்தினேன். நானே கேக்கணும்னு இருந்தேன், என்ன ஸ்கூலுங்க இது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னெண்டு மணி அடிக்கிறீங்க? பிள்ளைங்களுக்குக் காது கேக்காதா?"

"சாப்பாட்டுக்குப் பன்னெண்டு மணிக்கு மேலதானே..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே போனை வைத்தாள்.

கோப்பிலிருந்து தாளின் நகலை எடுத்தாள். மணி என்ற கட்டத்தின் கீழே தன் கையெழுத்து, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, பத்து. என்ன அழகான கையெழுத்து! ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஏழு வயதுக் குழந்தைகூட இதைப் படித்துத் தப்பாமல் மணி அடிக்கும். சுருட்டைமுடிக்காரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வருடம் மணி அடித்தவளிடம் எத்தனை மணி என்று கேட்டால், கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். 'கடவுளே, மிச்சம் இருந்தால் எனக்கும் என்று கேட்டேனே, மிச்சமே இருந்ததில்லையா?'

தாளைப் பெரிய டீச்சரிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அக்கா..."

"திட்டிடுங்க டீச்சர். மனசுக்குள்ள வெச்சுக்காதீங்க."

"திட்ட நேரமில்லை. அடுத்த மணி ஒன்பது ஐம்பதுக்கு. அதிகாரி பத்துக்கு வர்றார்."

மெக்கானிக் போனில் ரகசிய எண் சொன்னார். கணக்கு வாத்தியார் பெட்டியைத் திறந்து அழுத்தினார். அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அழுத்த, கடிகாரம் கோபித்துக்கொண்டதுபோல் பூட்டிக்கொண்டது. இனி மெக்கானிக் நேரில் வந்தால்தான் உண்டு. அவர் சாயந்திரம்தான் வருவாராம்.

"ஒவ்வொரு வகுப்பா போய்ச் சொல்லிட்டு வாங்க. இன்னைக்கு எத்தனை அடிச்சாலும் யாரும் வெளியே வரக் கூடாதுன்னு" என்றார் பெரிய டீச்சர்.

பன்னிரண்டு வகுப்பு. பெல்லக்கா ஓடினாள். ஒவ்வொரு வாசலிலும் மூச்சு வாங்க, "இன்னைக்கு மணி தப்பா அடிக்கும், வெளியே வராதீங்க" என்றாள். "ஏன் வெல்லக்கா தப்பா அடிக்குது?" என்று கேட்ட இடத்தில், "அதுக்கு உடம்பு சரியில்லை" என்றாள். அதுகூடப் பொய்தானே என்று உறுத்தியதும் அடுத்த வகுப்பில், "அதுக்கு எழுதிக் குடுத்த ஆளுக்கு உடம்பு சரியில்லை" என்று திருத்திக்கொண்டாள்.

மகள் வகுப்பு வாசலுக்கு வந்தபோது கால் தயங்கியது. உள்ளே முதல் வரிசையில் மகள். ஆபீஸ் விஷயம், உனக்குப் புரியாது என்று இந்த வாயால்தான் சொன்னாள். எழுதியது யார் என்று மகளுக்கு உடனே தெரிந்துவிடும், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுவாள், வகுப்பே சிரிக்கும். கடைசியாக வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று தாண்டிப் போய்விட்டாள்.

கடைசி என்று ஒன்று வரவே இல்லை. பத்துக்கு வரவேண்டிய அதிகாரி ஒன்பது நாற்பத்தைந்துக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் போல முகம். பெரிய டீச்சர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். பெல்லக்கா தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தெட்டு.

அவளுக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டால்? வெளியே ஓடி, எட்டி அதைக் கீழே இழுத்தாள். அதிகாரி தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த எல்லாமே நின்றன, கடிகாரத்தைத் தவிர. பேட்டரியில் அது கணீர் கணீர் என்று ஒன்பது அடித்தது. முன்பைவிடச் சத்தமாகக் கேட்டதுபோல் இருந்தது; மின்விசிறி இரைச்சல் இல்லை அல்லவா?

மூன்று கட்டிடத்திலும் ஒரு அசைவு இல்லை. சொன்ன சொல் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் உள்ளேயே இருந்தார்கள். மகள் வகுப்பு மட்டும் புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, அவ்வளவு பெரிய மைதானத்தின் நடுவில் இரண்டே வரிசையாக வெயிலில் நின்றது.

அதிகாரி ஜன்னல் வழியே பார்த்தார். எழுந்து மைதானத்துக்கு நடந்தார். பெரிய டீச்சர் பின்னால் போனார். பெல்லக்காவும் போனாள். போகாமல் இருக்க மனசாட்சி விடவில்லை.

"நீங்க மட்டும் ஏன் வெளியே நிக்கிறீங்க?" என்று முதலில் நின்ற பெண்ணிடம் கேட்டார் அதிகாரி. அது யார் என்று சொல்ல வேண்டுமா?

"மணி அடிச்சுது சார்."

"எத்தனை மணி?"

"ஒன்பது சார்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது இல்லையேம்மா. ஒன்பது அம்பத்தொண்ணு ஆச்சு."

"இல்ல சார், அடிச்சது ஒன்பது. ஆறுக்கு மேல அடிச்சா ஆபத்து. வெளியே வந்து நிக்கணும்னு விதி."

"அப்ப மத்தவங்க? ஆபத்து உங்க வகுப்புக்கு மட்டும்தானா?" அதிகாரி திரும்பிப் பெரிய டீச்சரைப் பார்த்தார். "ஆபத்து மணி அடிச்சு, பதினொரு வகுப்பு வெளியே வரல. இங்கே எப்படிம்மா வெளிப்பிள்ளைங்களையும் சேர்த்துத் தேர்வு எழுத வைக்கிறது?" அவர் கை சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போனது.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் பெல்லக்காவுக்கு மலை வளைவுகள் தெரிந்தன, பஸ் ஜன்னல் தெரிந்தது, வெளுத்த முகம் ஒன்று தெரிந்தது. வெளுக்காத அதே முகம் முன்னால் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நொடி யோசித்தால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். முன்னால் வந்துவிட்டாள்.

"ஐயா, பிள்ளைங்க மேல தப்பு இல்லை, டீச்சர் மேலயும் இல்லை. தப்பு பூராவும் நான் ஒருத்தியே பண்ணினது. கடிகாரத்துக்கு மணி எழுதிக் குடுத்தது நான். மாத்தி எழுதிட்டேன். அதான் வராதீங்கன்னு மத்த வகுப்புக்கெல்லாம் சொன்னேன். இந்த வகுப்புக்குச் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"இது என் பொண்ணு இருக்கிற வகுப்புங்க ஐயா. வெக்கமா இருந்துச்சு."

வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். மகள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

அதிகாரி கையை நீட்டினார். "அந்தப் பேப்பர் எங்கே?"

பெரிய டீச்சர் மடித்து வைத்திருந்த தாளை வாங்கி நீட்டினாள். அவர் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார். மறுபடி மேலே போனார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல என்ன தப்பு? நேரம் ஒன்பது பத்து, மணி ஒன்பது. நேரம் பத்து முப்பது, மணி பத்து. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

பெரிய டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். விளையாட்டு வாத்தியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. பெல்லக்கா தாளையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய அதிகாரி தன்னோடு வந்து அதே குழியில் இறங்கி நிற்கிறார். 'இது குழிங்க' என்று எப்படிச் சொல்வது?

"ஐயா... அதுல மணின்னா, மணி இல்லைங்க. மணி."

"என்னது?"

"மணி என்னன்னு கேக்கிற மணி இல்லைங்க. அடிக்கிற மணி. எத்தனை தடவைன்னு."

அதிகாரி தாளைப் பார்த்தார். பெட்டி இருந்த தாழ்வாரத்தைப் பார்த்தார். உதடு அசைய ஒரு தடவை மெல்லப் படித்தார். அப்புறம் அவர் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு வந்து தங்குவதற்கு வீடு பார்க்க வந்த மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

"மத்தியானம் பன்னெண்டு தடவை அடிக்குமா?"

"ஆமாங்க. அப்புறம் சாயந்திரம் மூணும் நாலுமா குறைஞ்சிடும். வீட்டுக்குப் போற நேரத்துல கிட்டத்தட்டச் சரியா இருக்கும்."

அவர் பேனாவைப் பையிலேயே விட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு வர்றேன். ஒன்பது அம்பதுக்கு அந்தப் பெட்டிக்குக் கீழே நிப்பேன். ஒண்ணே ஒண்ணு அடிக்கணும். ரெண்டாவது அடிச்சா மையம் மலைக்கு அந்தப் பக்கம்தான்." நாலடி போய்விட்டுத் திரும்பினார். "அந்த மின்விசிறியைப் போட்டு விடுங்க. அதுவும் உங்க வேலைதானே?"

"ஆமாங்க ஐயா" என்றாள் பெல்லக்கா.

அவர் போனதும் மகள் பக்கத்தில் வந்தாள். திட்டப் போகிறாள் என்று இவள் நினைத்தாள்.

"ஆபீஸ் விஷயம், எனக்குப் புரியாது இல்லம்மா?"

"உனக்கு மட்டும் இல்லடி. எனக்கும் புரியல."

அன்று சாயந்திரம் மெக்கானிக் வந்தபோது பெல்லக்கா புதுத் தாள் ஒன்றை வைத்திருந்தாள். மணி என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'எத்தனை தடவை' என்று எழுதி, அதற்குக் கீழே அடைப்புக்குள் 'அடி' என்றும் எழுதியிருந்தாள். மகள் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மெக்கானிக் பெட்டியின் பூட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஏற்றினார்.

மறுநாள் ஒன்பது ஐம்பதுக்கு அதிகாரி பெட்டிக்குக் கீழே நின்றார். பெல்லக்கா நாலடி தள்ளித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணீர். ஒன்று. 'பிள்ளைகளுக்குப் புத்தியைக் கொடு.' பிறகு அமைதி. மூச்சை விட வாயைத் திறந்தாள். அப்போது, கிணிங்!

அதிகாரி புருவத்தைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"அது எங்க மணி இல்லைங்க!" அவள் அலறியேவிட்டாள். "அது பால்காரர் சைக்கிளுங்க!"

வாசலைப் பார்த்து, பால்காரரை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாளன்று மகளை நடத்தியே அழைத்து வந்தார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிடம். வண்டி இல்லை, வளைவு இல்லை, குலுக்கல் இல்லை. அப்பாவும் பணிக்குப் போகும் சீருடையிலேயே கூட வந்தார். பள்ளி வாசல் வந்தது. பெயர்ப் பலகைக்குக் கீழே 'தேர்வு மையம்' என்று புதுத் துணி கட்டியிருந்தது. மகள் அதை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டடி நடந்தாள். மதிலோரம் குனிந்து, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

பெல்லக்கா ஓடிப்போய் மகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவரோ நீதிமன்றத்தில் விடுதலையானவர் போல இரண்டு கையையும் விரித்தார்.

"பார்த்தியா? பஸ்ஸா வந்துச்சு இங்கே? இத்தனை வருஷமா என் பஸ்ஸு மேல பழியைப் போட்டீங்களே அம்மாவும் பொண்ணும்!"

"பஸ்ஸு கிட்ட அப்புறமா மன்னிப்புக் கேக்கிறேன், தண்ணியைக் குடுங்க முதல்ல!"

மகள் வாய் கொப்பளித்தாள். முகம் கழுவினாள். நிமிர்ந்தபோது வெளுப்பு ஒன்றும் இல்லை, சிரிப்புக்கூட இருந்தது. "பயம்தாம்மா. இப்பப் போயிடுச்சு. இதுக்கா அந்த ஆள் முன்னாடி அப்படி நின்னே நீ?"

இதற்குத்தான். கடவுளே, இதற்கா? கடிகாரத் தாளில் தலைப்பைத் தப்பாகப் படித்தவள், பெற்ற பெண்ணின் வயிற்றையும் பதினாறு வருடமாகத் தப்பாகத்தான் படித்திருக்கிறாள். அந்த ஊர் மையத்துக்குப் போயிருந்தாலும் வாந்தி ஒன்றுதான், வாசல்தான் வேறு. நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அங்கே குனிந்திருந்தால் நெற்றியைப் பிடிக்க யார் இருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு கொஞ்சம் ஈரமானது.

மகள் படியேறினாள். தாழ்வாரத்தில் சிவப்பு எண் மாறியது. கணீர், கணீர். அறைக்குள் போவதற்கான மணி. பெல்லக்கா விரலை மடக்கி எண்ணினாள். 'பிள்ளைகளுக்குப் புத்தியைக் கொடு. மிச்சம் இருந்தால் எனக்கும்.' அங்கேயே காது கொடுத்து நின்றாள், மூன்றாவது வருகிறதா என்று.

கணவர் பணிக்குக் கிளம்ப வேண்டும். "இந்தா, மணி என்ன ஆச்சு?" என்றார்.

"ரெண்டு" என்றாள், மடக்கிய விரலைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டா!" என்று அவர் பதறிப்போய்ப் பஸ் நிலையத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.